பங்கு போடுவதா, மூத்தவனுக்கே விடுவதா: ஐரோப்பியப் பிரபுக் குலங்களின் வாரிசு ஏற்பாடுகள்

ஜெர்மானியப் பேரரசுக்குள் ஒரு சிற்றரசை ஆண்ட கோமகன், நான்கைந்து ஆண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு உயில் எழுத உட்கார்ந்தால் அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. எல்லாப் பிள்ளைகளுக்கும் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். பிரிக்காமல் கூட்டாக வைத்து, ஒருவனை மட்டும் குடும்பம் நடத்த விடலாம். மூத்தவனுக்கே எல்லாவற்றையும் எழுதி, இளையவர்களுக்குப் படி அளக்கலாம். நாடாளாமல் பண்ணைகளை மட்டும் வைத்திருந்த நிலக்கிழார்களுக்கு நான்காவதாக ஒன்று இருந்தது: எந்தத் தலைமுறையும் விற்க முடியாதபடி சொத்தைப் பத்திரத்தால் கட்டிப்போடுவது. மகனே இல்லாதவரின் சிக்கல் வேறு. அதைக் கடைசியில் தனியாகப் பார்க்கலாம்.

இவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் நிலம் யாருக்குப் போகிறது என்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஏற்பாடு நிலைப்பதும் குலைவதும் வேறு மூன்று கேள்விகளில்தான் இருந்தது. நிலம் கிடைக்காதவர்கள் எதை வைத்துப் பிழைப்பார்கள்? ஒரு கிளை ஆண் வாரிசில்லாமல் அற்றுப்போனால் அந்தப் பங்கு எங்கே திரும்பும்? எழுதியதை மற்றவர்கள் ஏற்கும்படி செய்ய யாரால் முடியும்? என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளையவர்களை உட்காரவைக்க நாட்டுக்கு வெளியே பதவி உள்ள குலத்துக்கு மூத்தவன் உரிமையே சிறந்தது. அப்படிப் பதவி இல்லாத குலம், பங்கு திரும்பும் விதியைத் தெளிவாக எழுதிவிட்டுப் பிரித்துக்கொள்வது மேல். பாகப்பிரிவினை என்றாலே அழிவு என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை.

பாகப்பிரிவினை

சாக்ஸனியின் வெட்டின் குலத்தில் அண்ணன் எர்ன்ஸ்டும் தம்பி ஆல்பிரெக்ட்டும் 1485-இல் லைப்சிக்கில் செய்துகொண்ட பிரிவினை, விவரம் தெரிந்தவர்கள் செய்தது. அண்ணன் இரண்டு கூறாகப் பிரிக்க வேண்டும், தம்பி முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவனுக்கு எது மிஞ்சும் என்று தெரியாததால் கூறுகள் ஏறக்குறையச் சமமாகவே விழும். தம்பி மைசன் பக்கத்தை எடுத்துக்கொண்டான், அண்ணனுக்குத் துரிங்கியா மிஞ்சியது.

இரண்டு சொத்துகளை அவர்கள் கூறு போடவில்லை. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் பதவியும் அதோடு ஒட்டிய விட்டன்பர்க் வட்டாரமும் அண்ணனிடமே நின்றன. தேர்வாளர்களின் நாட்டைப் பிரிக்கக் கூடாது, அது மூத்த மகனுக்கே போக வேண்டும், அவனுக்கு 18 வயது நிரம்பும்வரை தந்தைவழியில் அடுத்த உறவினர் பொறுப்பாளராக இருக்க வேண்டும் என்று 1356-ஆம் ஆண்டின் பொன் முத்திரைச் சாசனம் விதித்திருந்தது. இன்னொன்று ஷ்னேபெர்க் வெள்ளிச் சுரங்கங்கள். அவை பொதுவில் விடப்பட்டன. சுரங்க வருமானம் ஓராண்டு கொட்டும், மறு ஆண்டு வற்றும். அதை ஒரு கூறில் வைத்தால் சில ஆண்டுகளுக்குள் யாராவது ஒருவர் ஏமாற்றப்பட்டதாகக் கிளம்புவார்.

ஹெஸ்ஸே நாட்டுப் பிரிவினை இதற்கு நேர் மாறான பாடம். கோமகன் ஃபிலிப் 1567-இல் இறந்தபோது நான்கு மகன்களுக்கும் நாடு சமமில்லாமல் பிரிந்தது. மூத்தவனுக்குக் காஸலோடு ஏறக்குறையப் பாதி, இரண்டாமவனுக்கு மார்பர்க்கோடு கால், மூன்றாமவனுக்கு ரைன்ஃபெல்ஸோடு அரைக்கால், கடைசி மகனுக்கு டார்ம்ஸ்டாட்டோடு அரைக்கால். பல்கலைக்கழகமும் மேல் நீதிமன்றமும் பொதுவில் இருந்தன. இதுவரை பழுதில்லை. 1583-இல் ரைன்ஃபெல்ஸ் கிளை அற்றது, அதையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1604-இல் மார்பர்க் கிளை அற்றபோது விபரீதம் தொடங்கியது. மார்பர்க் கோமகன் தன் பங்கைக் காஸலும் டார்ம்ஸ்டாட்டும் சரிபாதியாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே லூத்தரன் சமயம் மாறக் கூடாது என்று உயில் எழுதியிருந்தான். அடுத்த ஆண்டே காஸல் கோமகன் மோரிட்ஸ், புராட்டஸ்டன்ட் சமயத்தின் இன்னொரு பிரிவான கால்வினிய முறையைக் கொண்டுவந்தான். நிபந்தனை முறிந்தது, முழுப் பங்கும் எங்களுக்கே என்று டார்ம்ஸ்டாட் வழக்குப் போட்டது. மார்பர்க் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 1607-இல் கீஸனில் தனக்கென்று ஒரு பல்கலைக்கழகத்தையும் நிறுவிக்கொண்டது. 1623-இல் பேரரசரின் மன்றம் டார்ம்ஸ்டாட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. காஸல் படையோடு வந்தது. 1648-இல் மார்பர்க் காஸலுக்கும் கீஸன் டார்ம்ஸ்டாட்டுக்கும் என்று முடிவானபோது, அற்றுப்போன ஒரு கால் பங்குக்காக 44 ஆண்டுகள் போயிருந்தன.

பிரிவினைப் பத்திரத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் தெரியும். அற்ற கிளையின் நிலம் தலைக்கு இவ்வளவா, கிளைக்கு இவ்வளவா, மூத்த கிளைக்கு மட்டுமா என்பதை முதல் நாளே எழுத வேண்டும். அற்றுப்போகிற கிளையின் கடைசி ஆள் அதன்மேல் தன் விருப்பப்படி நிபந்தனை போட இடம் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, பிரிந்த பிறகும் படைமானியத்தை, அதாவது படைச்சேவைக்கு ஈடாகக் கிடைக்கும் நில உரிமையை, எல்லாக் கிளைகளும் பேரரசரிடம் கூட்டாகவே பெற்றுக்கொண்டிருக்க வேண்டும். தனித்தனியாகப் பெற்றால், கிளை அற்ற அன்று தாயாதிகளுக்கு முன்னால் பேரரசர் வந்து நிற்பார். நிலம் காலியாகிவிட்டது, எனக்குத் திரும்பிவிட்டது என்பார். சட்டப்படி அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

பிரிவினையின் பலவீனம் வெளிப்படை. வெட்டின் குலத்தில் தம்பி கிளை 1499-லேயே தன் நாட்டைப் பிரிக்காமல் மூத்தவனுக்கு விடும் ஏற்பாட்டுக்கு வந்தது. அண்ணன் கிளை பிரித்துக்கொண்டே போனது. 1547-இல் ம்யூல்பெர்க் போரில் அண்ணன் கிளை தோற்று, தேர்வாளர் பதவியும் விட்டன்பர்க்கும் தம்பி கிளைக்குப் போயின. பிறகு அதே அண்ணன் கிளையில் வந்த கோத்தா கோமகன் எர்ன்ஸ்ட் 1675-இல் இறந்தபோது ஏழு மகன்கள் இருந்தார்கள். ஒரே அரண்மனையில் கூட்டாக இருந்து பார்த்தார்கள், சரிவரவில்லை. 1680-இல் நாடு ஏழாகப் பிரிந்தது. அடுத்த 30 ஆண்டுகளுக்குள் கோபுர்க், ஐசன்பெர்க், ரோம்ஹில்ட் மூன்றும் வாரிசில்லாமல் அற்றன. அவற்றுக்கான சண்டை 1735-இல்தான் முடிந்தது.

இந்தக் கதையை இங்கே நிறுத்தினால் பிரிவினைக்கு எதிரான வாதம் முடிந்துவிடும். ஆனால் ஏழு பேரில் கடைசித் தம்பிக்குக் கிடைத்தது ஸால்ஃபெல்ட் என்ற துண்டு நிலம். கோபுர்க் பங்கு வந்து சேர்ந்தது அந்தக் கிளைக்கு. 1825-இல் கோத்தாவின் மூத்த கிளையும் அற்றபோது கோத்தாவும் வந்தது. 1831-இல் பெல்ஜியத்தின் முதல் அரசனும், 1840-இல் பிரிட்டிஷ் அரசி விக்டோரியாவை மணந்த ஆல்பர்ட்டும் இந்தக் கிளைப் பிள்ளைகளே. எல்லாவற்றையும் மூத்தவனுக்கே கொடுத்து மற்ற அறுவரையும் மணமாகாதவர்களாக வைத்திருந்தால், மூத்தவன் கிளை அற்ற அன்றே எர்ன்ஸ்டின் வம்சம் முடிந்திருக்கும். பிரிவினை அரசைச் சிறிதாக்குகிறது, வம்சத்தைக் காப்பாற்றுகிறது. எது வேண்டும் என்று குலத்தலைவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

பிரிக்கவும் வேண்டும், ஒற்றுமையும் வேண்டும் என்று இடைவழி தேடியவர்களும் உண்டு. போலந்தின் கோமகன் மூன்றாம் பொலெஸ்லாவ் 1138-இல் மகன்களுக்கு ஆளுக்கொரு பகுதி கொடுத்து, கிராக்கோவை மட்டும் குலத்தில் மூத்தவருக்கென்று தனியே வைத்தார். மூத்தவர் மற்றவர்கள்மீது மேலாண்மை செலுத்துவார் என்பது எண்ணம். மேலாண்மையைத் தாங்கும் படையோ வருமானமோ மூத்தவருக்குப் போதவில்லை. 1146-லேயே தம்பிகள் சேர்ந்து அண்ணனை நாட்டைவிட்டு விரட்டினார்கள். போலந்தில் மறுபடி நிலையான முடிசூட்டு 1320-இல்தான் நடந்தது. இந்த வழியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒருவன் மட்டும் மணப்பது

நிலத்தையும் பிரிக்காமல், தம்பிகளின் பதவியையும் பறிக்காமல் இருக்க வெல்ஃப் குலத்தின் லூனபர்க் கிளை கண்ட வழி அசாதாரணமானது. கோமகன் வில்லியம் 1592-இல் ஏழு மகன்களை விட்டுச் சென்றார். நாட்டைப் பிரிப்பதில்லை, வயது வரிசைப்படி ஒருவர் பின் ஒருவராக ஆள்வது, ஒருவன் மட்டும் தகுதியான குலத்தில் மணந்து வாரிசு பெறுவது என்று ஏழு பேரும் ஒப்பந்தம் செய்தார்கள். யார் அந்த ஒருவன் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். சீட்டு ஆறாவது சகோதரன் கியோர்குக்கு விழுந்தது. பேரரசரின் ஒப்புதலும் 1612-இல் வாங்கப்பட்டது. 1617-இல் கியோர்க் மணந்தான். அண்ணன்கள் வரிசையாக ஆண்டு முடித்தார்கள், ஒப்பந்தம் மீறப்படவில்லை.

இது நடந்ததற்குக் காரணம், ஏழு பேரும் வயது வந்தவர்களாக, தாங்களே கையெழுத்திட்டதுதான். அப்பா எழுதிவைத்த கட்டளையாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அடுத்த தலைமுறையில் இதே பாணியை முயன்றபோது என்ன ஆனது பாருங்கள். கியோர்கின் மகன் கியோர்க் வில்ஹெல்ம் 1658-இல் தனக்கு நிச்சயித்த பெண் சோஃபியாவைத் தம்பி எர்ன்ஸ்ட் ஆகஸ்ட்டுக்கு விட்டுக்கொடுத்து, தான் மணப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தான். சில ஆண்டுகளில் எலியனோர் என்ற பிரெஞ்சுப் பெண்மீது காதல் வந்தது. முதலில் மனைவி என்ற முழு அந்தஸ்து இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தான். 1676-இல் முறையாக மணந்தான். பிறந்தது மகள் மட்டும் என்பதால் தம்பியின் பிள்ளைகள் தப்பித்தார்கள். மகன் பிறந்திருந்தால் அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

வெனிஸ் நகரப் பிரபுக்கள் இதையே எழுதாத வழக்கமாக வைத்திருந்தார்கள். சகோதரர்கள் கூட்டுச் சொத்தாக வணிகமும் வீடும் நடத்துவார்கள். ஒருவன் மணப்பான். தங்கைகளில் ஒருத்திக்குப் பெரும் சீதனம் கொடுத்து, மற்றவர்களை மடத்தில் சேர்ப்பார்கள். சொத்து சிதறவில்லை, ஆட்கள் குறைந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் பெருமன்றத்தில் உட்காரத் தகுதி பெற்ற ஆண்கள் சுமார் 2,500. குடியரசு முடிந்த 1797-இல் ஆயிரத்தைச் சற்றே தாண்டிய எண்ணிக்கை. மணந்த ஒருவனுக்குப் பிள்ளை இல்லாமல் போனாலோ, பிள்ளை இளவயதில் இறந்தாலோ குடும்பம் முடிந்தது. ஒரு தலைமுறைக்கு அவசரத் தீர்வாக இந்த வழி உதவும். நிரந்தர விதியாக வைக்கக் கூடாது.

மூத்தவன் உரிமை

பவேரியாவின் நான்காம் ஆல்பிரெக்ட் 1506 ஜூலை 8-இல் வெளியிட்ட சட்டம் இதற்கு நல்ல மாதிரி. இரண்டரை நூற்றாண்டாகப் பிரிந்து பிரிந்து, ஒரு வாரிசுரிமைப் போருக்குப் பின் மறுபடி சேர்ந்த நாடு. இனிப் பிரிக்கக் கூடாது, முதல் மகனுக்கே, தம்பிகளுக்கு ஆண்டுப் படி என்றது சட்டம். ஆல்பிரெக்ட் 1508-இல் இறந்தார். மூத்தவன் வில்ஹெல்ம் பதினாறு வயதைத் தொடாதவன். இரண்டாவது மகன் லுட்விக் ஒரு கேள்வி எழுப்பினான்: நான் பிறந்தது 1495-இல், சட்டம் வந்தது 1506-இல். என் பிறப்புரிமையைப் பின்னால் வந்த சட்டம் எப்படிப் பறிக்கும்? தாயும் நாட்டுப் பிரதிநிதிகளும் அவன் பக்கம் நின்றார்கள். 1514-இல் வில்ஹெல்ம் இறங்கிவர வேண்டியதாயிற்று. லுட்விக் 1545-இல் இறக்கும்வரை லாண்ட்ஸ்ஹூட்டில் இருந்து சேர்ந்தே ஆண்டான். அவன் மணக்காமல் இறந்ததால்தான் சட்டம் பிழைத்தது.

மூன்றாவது மகன் எர்ன்ஸ்ட்டும் பங்கு கேட்டான். அவனைப் பாசாவ் மறைமாவட்டத்தின் ஆட்சியில் உட்காரவைத்தார்கள், பிறகு சால்ஸ்பர்க். கத்தோலிக்கக் குலங்களின் பெரிய வசதி இது. ஜெர்மனியில் பேராயர் பதவி என்றால் கோயில் மட்டும் அல்ல, கோட்டையும் வரியும் படையும் கொண்ட ஒரு நாடு. கொலோன் பேராயர் தேர்வாளராகவும் இருந்தார். 1583 முதல் 1761 வரை இடைவிடாமல் பவேரிய இளவரசர்களே அந்தப் பதவியில் இருந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு தம்பிக்கு, குலச் சொத்திலிருந்து ஒரு காணி குறையாமல், அண்ணனுக்கு நிகரான வாழ்க்கை கிடைத்தது. பதவி மகனுக்கு இறங்காது என்பதால் அவனிடமிருந்து ஒரு போட்டிக் கிளையும் முளைக்காது. சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு புராட்டஸ்டன்ட் குலங்கள் இந்தப் பதவிகளில் பலவற்றை இழந்தன. அவர்களிடையே பிரிவினை நெடுங்காலம் நீடித்ததற்கு இதைப் பெரிய காரணமாகக் கருதுகிறேன்.

மூத்தவன் உரிமையின் விலையைக் கிட்டத்தில் பார்க்க ஹனோவருக்கு வர வேண்டும். மேலே சொன்ன எர்ன்ஸ்ட் ஆகஸ்ட்டுக்குத் தேர்வாளர் பதவி வேண்டும். பிரிக்கப்படுகிற நாட்டுக்கு அது கிடைக்காது. அவருக்கு ஆறு மகன்கள். 1683-இல் எல்லாம் மூத்தவன் கியோர்க் லுட்விக்குக்கே என்ற ஏற்பாட்டுக்குப் பேரரசரின் ஒப்புதலை வாங்கினார். ஒரு வருடம் முன்னதாக, அண்ணன் கியோர்க் வில்ஹெல்மின் ஒரே மகளை மூத்தவனுக்குக் கட்டிவைத்திருந்தார், அண்ணனுடைய செல்லே நாடும் சேர்ந்து வரட்டும் என்று. கணக்கு பிசகவில்லை. 1692-இல் தேர்வாளர் பதவி வந்தது, 1705-இல் செல்லே சேர்ந்தது, 1714-இல் கியோர்க் லுட்விக் பிரிட்டிஷ் மன்னர் முதலாம் ஜார்ஜ் ஆனார்.

விலை குடும்பத்துக்குள் செலுத்தப்பட்டது. இரண்டாம் மகன் ஃப்ரீட்ரிக் ஆகஸ்ட் கையெழுத்திட மறுத்து, பேரரசரின் படையில் சேர்ந்து துருக்கியப் போரில் மாண்டான். நான்காம் மகன் கார்ல் ஃபிலிப்பும் அதே போரில் 1690-இல் மாண்டான். மூன்றாமவன் மாக்ஸிமிலியன் தாயாதியான வோல்ஃபென்ப்யூட்டல் கோமகனோடு சேர்ந்து சதி செய்ததாக 1691-இல் பிடிபட்டான். அவனுக்கு உடந்தையான அரண்மனை அதிகாரி மோல்ட்கே மறு ஆண்டு தலை வெட்டப்பட்டார். மூத்தவனுக்குக் கட்டிவைத்த பெண் சோஃபியா டொரோதியா 1694-இல் விவாகரத்து செய்யப்பட்டு, 1726-இல் சாகும்வரை ஆல்டன் மாளிகையில் காவலில் இருந்தாள். கடைசி மகனுக்கு மட்டும் ஒழுங்கான இடம் கிடைத்தது. ஓஸ்னப்ரூக் ஆயர் பதவியைக் கத்தோலிக்கருக்கும் வெல்ஃப் குலத்தாருக்கும் மாறி மாறிக் கொடுப்பது என்று 1648 சமாதானத்தில் ஏற்பாடாகியிருந்தது. அவன் 1715-இல் அதில் அமர்ந்தான். ஆறு மகன்களுக்கு ஒரே ஒரு வெளிப்பதவி என்பது போதாது என்பதை எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் முன்னமே கணக்கிட்டிருக்க வேண்டும்.

ஆகவே மூத்தவன் உரிமையைத் தேர்ந்தெடுக்கும் தலைவருக்குச் செய்ய வேண்டியவை இவை. முதல் மகன் மட்டும் இருக்கும்போதே, இரண்டாமவன் பிறக்கும் முன்பே சட்டத்தை வெளியிட்டால் லுட்விக் கேட்ட கேள்வி எழாது. பேரரசரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். தம்பிகள் வயது வந்ததும் ஒவ்வொருவரிடமும் விடுதலைப் பத்திரம் வாங்க வேண்டும், படியின் முதல் தவணை அன்றே கையில் கொடுக்கப்பட வேண்டும். படியைப் பணமாகவே கொடுக்க வேண்டும். நிலமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்ஸ் சாட்சி. இரண்டாம் ஜான் 1363-இல் இளைய மகனுக்குப் பர்கண்டியைக் கொடுத்தார். அவனுடைய கொள்ளுப்பேரன் சார்லஸ், பிரெஞ்சு மன்னனோடு போர் புரியும் அளவுக்கு வளர்ந்த ஒரு தனி அரசை வைத்திருந்தான்.

தேர்தலால் வரும் மகுடத்துக்குக் குலச் சட்டம் செல்லாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஹாப்ஸ்பர்க் குலம் 1438 முதல் 1740 வரை பேரரசர் பதவியைத் தொடர்ந்து வைத்திருந்தது தேர்தல்களில் வென்றுதான். முடிந்தபோதெல்லாம் தந்தை உயிரோடிருக்கையிலேயே மகனை ரோமானியர்களின் அரசனாக, அதாவது அடுத்த பேரரசராக, தேர்ந்தெடுக்க வைப்பார்கள். 1519-இல் அப்படி முன்கூட்டிச் செய்யாததால் ஐந்தாம் சார்லஸுக்கு ஆன செலவு சுமார் 8,50,000 குல்டன். அதில் ஏறக்குறைய 5,43,000 ஆக்ஸ்பர்க் வணிகர் யாக்கோப் ஃபுக்கர் கொடுத்த கடன்.

பத்திரத்தால் கட்டுவது

ஆட்சி இல்லாத, பண்ணைகள் மட்டுமுள்ள குலத்துக்கு எதிரி தாயாதி அல்ல. கடன்பட்டு விற்றுவிடும் சொந்த மகன்தான். இங்கிலாந்தில் 1285-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தை வாரிசு வழியில் கட்டிப்போட அனுமதித்தது. 15-ஆம் நூற்றாண்டுக்குள் வழக்கறிஞர்கள் கற்பனை வழக்கு நடத்தி அந்தக் கட்டை அவிழ்க்கப் பழகிவிட்டார்கள். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவான செட்டில்மென்ட் முறை நுட்பமானது. தந்தைக்கு ஆயுட்கால அனுபவம் மட்டும். இன்னும் பிறக்காத மூத்த மகனுக்கு உரிமை. நடுவில் யாரும் கெடுக்காமலிருக்கத் தர்மகர்த்தாக்கள். மகனுக்கு 21 ஆனதும் தந்தையும் மகனும் சேர்ந்தால் கட்டை அவிழ்க்க முடியும். அந்த நேரத்தில் தந்தை மகனிடம், உனக்கு இப்போதே ஆண்டுக்கு இவ்வளவு தருகிறேன், மறுபடி கட்டிப்போடக் கையெழுத்திடு என்பார். பணம் தேவைப்படும் வயதில் மகன் கையெழுத்திடுவான். ஒவ்வொரு தலைமுறையிலும் கட்டு இப்படிப் புதுப்பிக்கப்பட்டது.

அதே பத்திரத்தில் விதவையின் ஜீவனாம்சமும் இளைய பிள்ளைகளின் தொகையும் எழுதப்படும். 18-ஆம் நூற்றாண்டில், பெண் 1,000 பவுண்டு கொண்டுவந்தால் விதவையான பின் ஆண்டுக்கு 100 பவுண்டு என்பது வழக்கமான விகிதம். பழுது இங்கேதான் நுழையும். இளையவர்களின் தொகை ரொக்கமாக இருக்காது, நிலத்தை அடமானம் வைத்துத் திரட்டுவார்கள். மூன்று தலைமுறை ஆனால் மூன்று அடுக்கு அடமானம் ஏறியிருக்கும். விற்று அடைக்கவோ செட்டில்மென்ட் விடாது.

ஸ்பெயினில் 1505-ஆம் ஆண்டு டோரோ சட்டங்கள் வகுத்த முறையில் அரசரின் உரிமம் பெற்றுக் கட்டு நிரந்தரமாகப் போடப்பட்டது. வாரிசு வரிசை முதலில் கிளை, பிறகு உறவின் நெருக்கம், பிறகு ஆண் பெண், கடைசியில் வயது. இதனால் மகனில்லாத மூத்தவனின் மகள், அவளுடைய சித்தப்பாவை முந்துவாள். குலங்கள் அற்றுப்போகாமல் மருமகன் வழியாக ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரே ஆளிடம் பல பட்டங்கள் குவிந்தன. டோரோவின் 46-ஆவது சட்டம் கட்டுண்ட சொத்தில் கட்டும் கட்டடங்களையும் பழுதுபார்ப்பையும் சொத்தோடே சேர்த்துவிட்டது. மனைவிக்கோ மற்றப் பிள்ளைகளுக்கோ அதில் ஈடு இல்லை. அப்படியிருக்க, இளைய பிள்ளைகள்மேல் பாசமுள்ள தந்தை அந்த நிலத்தில் எதற்காகப் பணம் போடுவார்? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஆங்கில முறையையே சொல்வேன். தலைமுறைக்கு ஒருமுறை பத்திரத்தைத் திருத்த அதில் வழி இருக்கிறது.

மகன் இல்லையென்றால்

மகளுக்கா, தாயாதிக்கா? லாண்ட்ஸ்ஹூட்டின் செல்வக் கோமகன் கியோர்க், பவேரியக் குல ஒப்பந்தப்படி ஆண் வாரிசில்லாத நிலம் ம்யூனிக் தாயாதிக்குப் போக வேண்டும் என்று தெரிந்தும், மகள் எலிசபெத்துக்கும் மருமகனுக்கும் எழுதிவைத்தார். 1503 டிசம்பரில் அவர் இறந்தார். 1504-இல் போர் நடந்தது, அதே ஆண்டு மகளும் மருமகனும் நோயில் இறந்தார்கள். 1505-இல் கொலோனில் வந்த தீர்ப்பில் பெரும்பகுதி ம்யூனிக்குக்கு. பேரக்குழந்தைகளுக்கு நோய்பர்க் என்ற சிறு நாடு. நடுவராக இருந்த பேரரசர் மாக்ஸிமிலியன் குஃப்ஸ்டைன், கிட்ஸ்ப்யூல், ராட்டன்பெர்க் மூன்றையும் தனக்கு எடுத்துக்கொண்டார்.

பிரான்ஸ் தாயாதி வழியைத் தேர்ந்தது. 1316-இல் பத்தாம் லூயியின் மகள் ஒதுக்கப்பட்டாள். 1328-இல் தாயாதியான ஃபிலிப் வாலுவா அரசனானான், தாய்வழியில் உரிமை கேட்ட இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டோடு 1337-இல் நூறாண்டுப் போர் தொடங்கியது. அந்த விலையைக் கொடுத்த பிறகு விதி உறுதிப்பட்டது. 1589-இல் அரசனான நான்காம் ஹென்றிக்கும் முந்தைய மன்னனுக்கும் பொதுவான ஆண்வழி மூதாதை 1270-இல் இறந்த ஒன்பதாம் லூயி. அவ்வளவு தூரத்துப் பங்காளியாக இருந்தும் அவனுடைய சிக்கல் சமயத்தைப் பற்றியதாக இருந்ததே தவிர ரத்த உறவைப் பற்றியதாக இல்லை.

எந்த வழியானாலும், மணமாகிப் போகும் பெண்களிடம் வாங்கும் விடுதலைப் பத்திரத்தில் கவனம் வேண்டும். ஸ்பானிய இளவரசி மரியா தெரசா பதினான்காம் லூயியை மணந்தபோது, 1659-ஆம் ஆண்டு பிரெனீஸ் உடன்படிக்கையில் அவளுடைய உரிமை விடுதலை 5,00,000 தங்க எக்யூ சீதனத்தோடு பிணைக்கப்பட்டது. ஸ்பெயின் அந்தச் சீதனத்தைக் கொடுக்கவில்லை. 1667-இல் லூயி மனைவியின் உரிமையைச் சொல்லி ஸ்பானிய நெதர்லாந்துக்குள் படையெடுத்தார். உரிமை வெளியே போகாமலிருக்கக் குலத்துக்குள்ளேயே மணப்பதும் தீர்வாகவில்லை. ஸ்பெயினின் நான்காம் ஃபிலிப் தங்கை மகளை மணந்தார். அவர்கள் மகன் இரண்டாம் கார்லோஸ் நோயாளியாகவே வாழ்ந்து, வாரிசில்லாமல் 1700-இல் இறந்தார்.

மகளுக்குக் கொடுக்க முழு முயற்சி எடுத்தவர் ஹாப்ஸ்பர்க் பேரரசர் ஆறாம் சார்லஸ். நாடுகள் பிரியக் கூடாது, மகன் இல்லையேல் தன் மகளுக்கு, அண்ணன் மகள்களுக்கு அதன் பிறகுதான் என்று 1713 ஏப்ரல் 19-இல் அறிவித்தார். அண்ணன் மகள்களிடம் மணத்தின்போது விடுதலை எழுதி வாங்கினார். ஹங்கேரியின் மன்றம் 1723-இல் ஏற்றது. பிரஷ்யா 1728-இல் ஏற்றது. பிரிட்டன் 1731-இல் கையெழுத்திடக் கேட்ட விலை, சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் பண்டகசாலை வைத்திருந்த ஆஸ்டெண்டு கம்பெனியை மூடுவது. பிரான்ஸுக்குக் கொடுத்தது மருமகன் ஃப்ரான்ஸிஸின் சொந்த நாடான லொரேன். 1740 அக்டோபர் 20-இல் சார்லஸ் இறந்தார். டிசம்பர் 16-இல் பிரஷ்யாவின் ஃப்ரெடரிக் ஹாப்ஸ்பர்க் நாடுகளில் ஒன்றான சைலீசியாவுக்குள் நுழைந்தார். அவர் காட்டிய காரணங்களில் ஒன்று 1537-இல் பிராண்டன்பர்க்கும் (ஃப்ரெடரிக்கின் குலம்) சைலீசியாவின் லீக்னிட்ஸ் குலமும் செய்துகொண்ட பரஸ்பர வாரிசு ஒப்பந்தம். 1546-லேயே லீக்னிட்ஸின் மேலரசரான ஹாப்ஸ்பர்க் பெர்டினாண்ட் ரத்து செய்த ஒப்பந்தம் அது.

சார்லஸ் தவறியது பத்திரத்தில் இல்லை. கருவூலமும் படையும் நலிந்திருக்க, மகளை அரசு அலுவல்களில் பழக்காமல், மருமகனைத் தன் காலத்திலேயே ரோமானியர்களின் அரசனாகத் தேர்ந்தெடுக்க வைக்காமல் போனார். மகளுக்குக் கொடுப்பதானால் இந்த மூன்றும் கையெழுத்துகளுக்கு முன் வர வேண்டும். விதி தெரிந்த, தகுதியுள்ள தாயாதி அருகில் இருந்தால், மகளுக்குச் சீதனத்தை முழுக்கக் கொடுத்து அனுப்பிவிட்டுத் தாயாதிக்கு விடுவதே குறைந்த செலவு. தாயாதி எட்டாத தூரத்தில் இருந்தாலோ பகைவனாக இருந்தாலோ மட்டும் மகளின் வழியை எடுக்கலாம்.

ஆனாலும் பத்திரத்தின் சொற்கள் வீண் போகவில்லை. பவேரியாவின் கார்ல் ஆல்பிரெக்ட், முதலாம் பெர்டினாண்டின் உயில்படி ஆண் வாரிசு அற்றால் நாடு அவருடைய மகள் அன்னாவின் சந்ததியான தங்களுக்கே என்றான். வியன்னாவில் இருந்த மூலத்தை எடுத்துப் பவேரியத் தூதரிடம் காட்டினார்கள். அதில் "ஆண் வாரிசு" என்று இல்லை, "முறைப்படி பிறந்த வாரிசு" என்றே இருந்தது. கார்ல் ஆல்பிரெக்ட் அதன்பிறகும் 1741-இல் படையெடுத்தான், 1742-இல் பேரரசராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டான். 1745 ஏப்ரலில், ஆஸ்திரியப் படைகள் பவேரியாவைப் பிடித்திருந்த நிலையில், அவன் மகன் ஃப்யூஸ்ஸனில் அந்த உரிமையைக் கைவிட்டுக் கையெழுத்திட்டு நாட்டைத் திரும்பப் பெற்றான். சைலீசியாவின் பெரும்பகுதி மட்டும் 1748 சமாதானத்திலும் ஃப்ரெடரிக்கிடமே நின்றுவிட்டது.